அய்யனின் ரிப்போர்ட் எல்லாம் யார் போனுக்குப் போகிறது? ஆன்லைனில் மருத்துவப் பதிவு பார்க்கிறவர்கள் வழி சொல்லுங்க

வாய்க்கால்மேடு (கோபி)

வணக்கங்க. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்க.

எங்க அய்யனுக்கு 68 வயது, பதினாறு வருடமாக சுகர். கோபியில் ஒரு டாக்டர், ஈரோட்டில் ரெண்டு லேப், 2021-ல் கொரோனா சமயத்தில் வேறொரு ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் படுக்கை என்று அவருடைய கதை நாலு இடத்தில் கிடக்கிறது. போன வாரம் கால் வீக்கம் குறையவில்லை என்று கோவைக்குக் கூட்டிப்போனோம். விடியற்காலை பஸ் ஏறி சத்தி, புளியம்பட்டி, அன்னூர் தாண்டிக் காந்திபுரம் சேர்ந்து, அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய் உட்கார்ந்தால் பத்தரை மணி. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற ரத்த டெஸ்டில், அதாவது கிரியாட்டினின், 1.9 வந்தது. கிட்னி டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு முன்னாடி எவ்வளவு இருந்துச்சு?"

எங்களிடம் பதில் இல்லைங்க. மஞ்சப்பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். மருந்துச் சீட்டு, கண் டெஸ்ட், 2018-ல் எடுத்த பல் எக்ஸ்ரே, மாட்டு இன்சூரன்ஸ் ரசீது கூட இருந்தது, கிரியாட்டினின் மட்டும் இல்லை. டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார்: அஞ்சாறு வருடமாக மெல்ல மெல்ல ஏறி 1.9-க்கு வந்திருந்தால் அது ஒரு வைத்தியம், ரெண்டு மாதத்தில் திடீரென்று ஏறியிருந்தால் அது முற்றிலும் வேறு வைத்தியம், பழைய எண் தெரியாமல் மருந்து ஊசி போட்டு எடுக்கிற ஸ்கேனுக்கும் அனுப்ப முடியாது என்று. கிரியாட்டினின் என்றால் என்ன என்றே தெரியாத அய்யன், ஏதோ தான் தப்புச் செய்துவிட்ட மாதிரி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

வெளியே வந்ததும் மச்சான் சொன்னார், ஆபா எண், அதாவது அரசு கொடுக்கிற சுகாதார அடையாள எண், இருந்தால் எல்லாம் போனிலேயே பார்க்கலாமே என்று. அய்யனுக்கு ஆபா கார்டு இருக்கிறது, ரெண்டு மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நெட் சென்டரில் போட்டுக் கொடுத்தார்கள். அதில் உள்ளே போகப் பார்த்தால் ஓடிபி ஒரு எண்ணுக்குப் போகிறது. திரையில் கடைசி எண்கள் மட்டும் தெரிகிறது, அது எங்கள் வீட்டில் யாருடைய எண்ணும் இல்லை!

இது யார் எண்? அவர் இதுவரை அய்யனின் பதிவுகளைப் பார்த்திருப்பாரா? எப்படித் திருத்துவது? இந்த ஆன்லைன் விஷயத்தை நம்பலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்க.

சிங்காநல்லூரான் (கோவை)

முதலில் பயத்தைக் குறைத்துக்கொள்ளுங்க. பெரும்பாலும் இது நெட் சென்டர்காரர் தன் சொந்த எண்ணைப் போட்டுவிட்ட கதைதான். வயதானவர் பட்டன் போன் வைத்திருப்பார், அல்லது ஆதாரில் இருக்கிற எண் செத்துப்போயிருக்கும், வரிசை நீண்டுகொண்டிருக்கும், கடைக்காரர் "என் நம்பரையே போட்டுடறேன்" என்று போட்டு முடித்துவிடுவார். கெட்ட எண்ணம் எல்லாருக்கும் இருக்காது. ஆனால் கதவுச் சாவி அவர் பாக்கெட்டில் இருக்கிறது என்பது உண்மை, அதை உடனே வாங்க வேண்டும்.

ஆபா என்பது 14 இலக்க எண். தேசிய சுகாதார ஆணையம் நடத்துகிறது. 2020 ஆகஸ்ட் 15-ல் அறிவித்து, முதலில் யூனியன் பிரதேசங்களில் மட்டும் வைத்துப் பார்த்து, 2021 செப்டம்பர் 27-ல் நாடு முழுக்கக் கொண்டுவந்தார்கள். ஆதார் வைத்தோ டிரைவிங் லைசென்ஸ் வைத்தோ எடுக்கலாம், காசு கிடையாது, கட்டாயமும் கிடையாது. இன்னொன்று, நம் ஊரில் நிறையப் பேர் இதை இன்சூரன்ஸ் கார்டு என்று நினைத்து வைத்திருக்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வேறு, இது வேறு. இதைக் காட்டினால் ஆப்பரேஷன் இலவசம் ஆகாது.

திருத்துகிற வழி: ஆதார் வைத்து எடுத்த ஆபா என்றால், ஆதாரில் பதிந்திருக்கிற எண்ணுக்கு ஓடிபி வரவழைத்தும் உள்ளே போகலாம். உள்ளே போய் சுயவிவரத்தில் மொபைல் எண்ணை மாற்றிவிடுங்க, அதோடு நெட் சென்டர்காரரின் எண் விலகிவிடும். கடவுச்சொல் ஏதாவது வைத்திருந்தால் அதையும் மாற்றுங்க. அய்யனின் ஆதாரில் இருப்பது எந்த எண் என்று பார்த்தீர்களா?

வாய்க்கால்மேடு (கோபி)

இப்போதுதான் பார்த்தேன். 2014-ல் வாங்கிய சிம் எண் அது. ரீசார்ஜ் பண்ணாமல் விட்டு அஞ்சாறு வருடம் ஆகிறது.

சிங்காநல்லூரான் (கோவை)

அப்படியானால் முதல் வேலை ஆதார்தான். ஆதார் மையத்துக்கு அவரை நேரில் கூட்டிப்போய் எண்ணை மாற்றுங்க. இதைத் தள்ளிப்போடாதீர்கள். ரீசார்ஜ் இல்லாமல் துண்டித்த எண்ணைக் கம்பெனிகள் 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அய்யனின் பழைய எண் இந்நேரம் எந்த ஊரில் யார் கையில் இருக்கிறதோ தெரியாது, அந்த எண்ணைப் பதிந்து வைத்திருக்கிற ஒவ்வொரு லேபும் அவருடைய ரிப்போர்ட்டை அந்த ஆளுக்குத்தான் அனுப்பும்.

லேப்காரத் தம்பி (ஈரோடு)

அண்ணா சொன்ன கடைசி வரி நூற்றுக்கு நூறு சரிங்க. நான் எட்டு வருடமாக லேபில் இருக்கிறேன். வெளியே எல்லாரும் ஹேக்கர், திருடன் என்று பேசுகிறார்கள். நான் கண்ணால் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் கவுன்டரில் நடப்பவைதான். காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க நாற்பது பேர் நிற்பார்கள், கவுன்டரில் இருக்கிற பெண் ஒரு கையில் பணத்தை வாங்கிக்கொண்டே இன்னொரு கையில் எண்ணைத் தட்டும். ஒரு இலக்கம் மாறினால் போதும், உங்கள் ரிப்போர்ட் லிங்க் எங்கோ போய்விடும்.

அதனால் எண்ணைச் சொன்னதோடு நிற்காதீர்கள். "நீங்க அடிச்சதைத் திருப்பிப் படிங்கம்மா" என்று கேளுங்க. யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பழைய ஆள் என்றால் இன்னும் கவனம், ஏற்கெனவே பதிந்த எண்ணையே கம்ப்யூட்டர் காட்டும், நாங்கள் கேட்காமலே அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். அந்த எண்ணை மாற்றச் சொல்லி நீங்கள்தான் கேட்க வேண்டும்.

ரிப்போர்ட் வந்ததும் முதலில் மதிப்பைப் பார்க்காதீர்கள். பெயர், வயது, ஆணா பெண்ணா, ரத்தம் எடுத்த தேதி, நேரம், இந்த அஞ்சையும் பாருங்க. எங்கள் பக்கத்தில் ஒரே பெயரில் ஒரே நாளில் மூன்று பேர் வருவது சாதாரணம், பழனிசாமிக்கும் சுப்பிரமணிக்கும் பஞ்சமே இல்லை. ஒருமுறை ஒரு பெரியவரின் சுகர் ரிப்போர்ட்டை அவர் மகன் போனிலேயே பார்த்துவிட்டு மாத்திரையைக் கூட்டச் சொல்லிவிட்டார், அது இன்னொரு ஊர்க்காரருடைய ரிப்போர்ட். நல்லவேளை, சாயங்காலமே தெரிந்து கூப்பிட்டுச் சொன்னோம். அன்றிலிருந்து நான் எல்லாரிடமும் இதைச் சொல்கிறேன்.

இன்னொன்று. பல இடங்களில் பிடிஎஃப்க்குக் கடவுச்சொல்லாகப் பிறந்த வருடம் அல்லது மொபைல் எண்ணையே வைக்கிறார்கள். சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் யாருக்கும் தெரிகிற எண் அது, அந்தப் பூட்டை நம்பி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடாதீர்கள்.

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி)

எனக்கு 71 ஆகிறது. நான் நேராகவே சொல்லிவிடுகிறேன் தம்பிகளா, என் உடம்பு விவரம் எனக்கும் என் டாக்டருக்கும் தெரிந்தால் போதும். டெல்லி எய்ம்ஸிலேயே 2022 நவம்பரில் கம்ப்யூட்டரை எவனோ முடக்கி, ரெண்டு வாரம் போல ஓபி சீட்டைக் கையால் எழுதினார்கள் என்று பேப்பரில் படித்தேன். அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்த கதி. முப்பது வருடமாக நான் ஒரு பெட்டி பைல் வைத்திருக்கிறேன், தேதி வாரியாகக் குத்தி வைத்திருக்கிறேன், எந்த ஓடிபியும் வேண்டாம். கோபித் தம்பி, உங்கள் அய்யனுக்கும் ஒரு நல்ல பைல் வாங்கிக் கொடுங்க. மஞ்சப்பை பைல் ஆகாது.

சிங்காநல்லூரான் (கோவை)

ஐயா, உங்கள் பெட்டி பைலை நான் மதிக்கிறேன். உங்களை மாதிரி வைத்திருந்தால் கோபிக்காரருக்கு இந்த அலைச்சலே இல்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். ஆபாவில் உங்கள் ரிப்போர்ட்டுகளை எல்லாம் டெல்லியில் ஒரே கம்ப்யூட்டரில் கொட்டி வைப்பதில்லை. எந்த ஆஸ்பத்திரியில் எடுத்தீர்களோ அந்த ஆஸ்பத்திரியிலேயே அது இருக்கும், ஆபா எண் அதற்கு ஒரு முகவரி மாதிரி. வேறொரு டாக்டர் பார்க்க வேண்டும் என்றால் உங்கள் செயலிக்கு ஒரு சம்மதக் கேள்வி வரும். யார் கேட்கிறார், எந்த வகைப் பதிவு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எத்தனை நாளுக்கு என்று அதில் இருக்கும். நீங்கள் முடியாது என்று சொல்லலாம், தேதியைச் சுருக்கலாம், கொடுத்த சம்மதத்தைப் பிறகு திரும்பப் பெறலாம். வேண்டவே வேண்டாம் என்றால் கணக்கையே நீக்கிவிடலாம்.

ஆனால் அதற்குள் அந்த டாக்டர் பார்த்துத் தன் பைலில் எழுதிக்கொண்டது எழுதினதுதான், திரும்பப் பெறுவது இனி பார்க்காமல் தடுக்க மட்டும்தான். ஆஸ்பத்திரி தன் பக்கத்தில் பதிவை உங்கள் ஆபாவோடு இணைத்திருந்தால்தான் அது செயலியில் தெரியும். சின்ன லேப், தெருமுனை கிளினிக் எல்லாம் பெரும்பாலும் இணைத்திருக்காது. கோபிக்காரரே, எண்ணை மாற்றி உள்ளே போனதும் பதினாறு வருட வரலாறும் கொட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், வெறும் பக்கமாகக் கூட இருக்கலாம்.

எய்ம்ஸ் விஷயத்தில் நீங்கள் சொன்னது நடந்ததுதான் ஐயா. அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது, ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் ஒருநாள் படுத்துவிடலாம், அதனால் என் பிரதி என்னிடம் இருக்க வேண்டும். நீங்கள் அட்டைப்பெட்டியில் வைக்கிறீர்கள், நான் போனிலும் ஒரு பென் டிரைவிலும் வைக்கிறேன்.

தையல்மெஷின் (திருப்பூர்)

நான் இதில் எழுதலாமா வேண்டாமா என்று ரெண்டு நாள் யோசித்தேன். எல்லாரும் வெளி ஆள் பார்த்துவிடுவானோ என்று பயப்படுகிறீர்கள். எனக்கு நடந்தது வீட்டுக்குள்.

கல்யாணமாகி ரெண்டாவது வருடம் எனக்குக் கரு கலைந்தது. மறு வருடமும் கலைந்தது. டாக்டர் நிறைய டெஸ்ட் எழுதிக் கொடுத்தார், கம்பெனியில் அரை நாள் சொல்லிவிட்டுப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். எங்கள் வீட்டில் மாமியாருக்கு அதே லேபில் முன்பு பார்த்திருந்ததால் கவுன்டரில் குடும்பத்துக்கு ஒரே எண் பதிந்திருந்தது, அது என் வீட்டுக்காரரின் அண்ணன் எண். ரிப்போர்ட் அவருக்குப் போனது. நான் ஓவர்டைம் முடித்து எட்டரை மணிக்கு வீட்டுக்குள் நுழைகிறேன், ஓரகத்தி அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டே, "உனக்குத்தான் குறையாமா?" என்று கேட்டார். என் உடம்பில் என்ன இருக்கிறது என்று எனக்கு முன்னால் அந்த வீட்டில் அஞ்சு பேருக்குத் தெரிந்திருந்தது. செருப்பைக் கூடக் கழற்றவில்லை, அப்படியே நின்றேன்.

அந்த டெஸ்டில் வந்தது தைராய்டு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். மாத்திரை சாப்பிட்டேன், இப்போது பெண் குழந்தை இருக்கிறாள், நாலு வயது. ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் அப்படியே இருக்கிறது.

இப்போது எனக்கென்று தனி சிம், தனி எண். எந்த லேபுக்குப் போனாலும் "எனக்குப் புதுசா பதியுங்க, குடும்ப நம்பர் வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனில் நோட்டிபிகேஷன் வந்தால் உள்ளே இருக்கிற எழுத்து மேலே தெரியாதபடி வைத்திருக்கிறேன், மெஷினுக்குப் பக்கத்தில் போன் கிடக்கும்போது யாரும் எட்டிப் பார்க்கக்கூடாதல்லவா.

எனக்கு ஒரு சந்தேகம். ஆபாவில் சம்மதம் கொடுத்தால் எல்லாமே போய்விடுமா? பல் டாக்டருக்கு என் கரு கலைந்தது எதற்குத் தெரிய வேண்டும்?

வார்டு அக்கா (பெருந்துறை)

கண்ணு, நீ எழுதியதற்கு முதலில் நன்றி. முப்பத்தோரு வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பிரசவ வார்டில் மட்டும் பதினோரு வருடம். நீ சொன்னது போல எத்தனை பெண்கள் அழுது பார்த்திருக்கிறேன், ஆனால் யாரும் இப்படி வாய்திறந்து சொல்வதில்லை.

உன் சந்தேகத்துக்கு: எல்லாம் போகாது. சம்மதம் கொடுக்கும்போது எந்த ஆஸ்பத்திரியின் பதிவு, எந்த வகை, எந்தத் தேதி என்று தேர்ந்தெடுக்கலாம். பல் டாக்டருக்குத் தேவை சுகர் இருக்கிறதா, ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறாயா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதுதான், அதை நீ வாயாலேயே சொல்லிவிடலாம். ஒரு குறிப்பிட்ட பதிவை ஆபாவோடு இணைக்கவே வேண்டாம் என்றும் சொல்லலாம், இணைக்காததால் வைத்தியம் மறுக்கக்கூடாது. சட்டமும் உன் பக்கம் இருக்கிறது. மனநலப் பாதுகாப்புச் சட்டம், எச்ஐவி-எய்ட்ஸ் சட்டம் ரெண்டும் 2017-ல் வந்தவை, ரெண்டிலும் நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. மனநலச் சட்டத்தில் தன் சிகிச்சைப் பதிவைத் தானே கேட்டுப் பார்க்கிற உரிமையும் உண்டு.

கோபித் தம்பிக்கு இனி. 2021 ஆஸ்பத்திரிப் பதிவு வேண்டும் அல்லவா? ஆன்லைனில் தேடிக்கொண்டே உட்காராதே. 2002-ல் இந்திய மருத்துவக் கவுன்சில் போட்ட நடத்தை விதிப்படி, உள்நோயாளியின் பதிவைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும், நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். உங்களுடையது மூன்று வருடத்தைத் தாண்டிவிட்டது, ஆனாலும் பல ஆஸ்பத்திரிகள் தூக்கிப் போடாமல் கட்டி வைத்திருப்பார்கள். மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவு என்று கேள், ரிசப்ஷனில் நிற்காதே. அய்யன் பெயர், வயது, சேர்ந்த தேதி, ஐபி எண் (உள்நோயாளி எண்) தெரிந்தால் அது, எல்லாம் எழுதி அவர் கையெழுத்தோடு ஒரு மனு, அவர் அடையாள அட்டை நகல், உன் அடையாள அட்டை. டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதும் என்று வாங்கி வந்துவிடாதே, லேப் ரிப்போர்ட் பக்கங்களையும் கேள். உனக்குத் தேவையான கிரியாட்டினின் அங்கேதான் இருக்கும், ஒன்பது நாள் படுத்தவருக்கு மூன்று நான்கு தடவையாவது பார்த்திருப்பார்கள்.

ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கிற ஆதார் நகலில் எண்களை மறைத்துக் கொடு. முதல் எட்டு எண் மறைந்த ஆதார் அரசுத் தளத்திலேயே கிடைக்கும்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. எண் மாற்றுவது, செயலி போடுவது, பதிவு வாங்குவது, இதெல்லாம் அய்யனிடம் கேட்டாயா?

வாய்க்கால்மேடு (கோபி)

இல்லைங்க அக்கா. கேட்கவில்லை. அவருக்கு இதெல்லாம் புரியாது என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். இன்று சாயங்காலம் பேசுகிறேன்.

சிங்காநல்லூரான் (கோவை)

அதற்குள் நெட் சென்டர் பற்றி ஒரு விஷயம். போன மாதம் எங்கள் ஏரியாவில் ஒரு நெட் சென்டரில் பிரிண்ட் எடுக்கப் போயிருந்தேன். என் பைலைத் தேட டவுன்லோட்ஸ் போல்டரைத் திறந்தால் வரிசையாகக் கிடக்கிறது: ஒரு பெண்ணின் வயிற்று ஸ்கேன், யாரோ ஒருவரின் பயாப்சி, ரெண்டு ஆதார், ஒரு பாங்க் பாஸ்புக். பெயர், வயது, ஊர் எல்லாம் பைல் பெயரிலேயே. பிரவுசரில் வாட்ஸ்அப் வெப் திறந்தபடி இருக்கிறது, யாருடையதோ, புது மெசேஜ் வந்து வந்து விழுகிறது. கடைக்காரப் பையனைக் கூப்பிட்டு மூடச் சொன்னேன். அவனும் பாவம், ஒருநாளைக்கு நூறு பேர் வருகிறார்கள்.

ஆகவே வெளியில் பிரிண்ட் எடுப்பவர்கள்: கடைக்காரரின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பாமல் பென் டிரைவில் கொண்டுபோனால் நல்லது. அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், பிரிண்ட் வந்ததும் அவர் முன்னாலேயே போல்டரிலிருந்தும் ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழிக்கச் சொல்லுங்க. வாட்ஸ்அப் வெப் போட்டிருந்தால் உங்கள் போனில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பக்கத்துக்குப் போய் வெளியேற்றுங்க. கடையிலிருந்து வந்த பிறகும் போனிலிருந்தே அதைச் செய்யலாம், பலருக்கு இது தெரியாது.

அப்புறம் இந்த ஏபிகே மோசடி. "உங்கள் லேப் ரிப்போர்ட் தயார்" என்று ஒரு பைல் வரும். ரிப்போர்ட் என்பது பிடிஎஃப் ஆகவோ படமாகவோதான் இருக்கும். பைல் பெயர் ஏபிகே என்று முடிந்தால் அது ஒரு செயலி, போட்டால் உங்கள் எஸ்எம்எஸ்ஸை எல்லாம் படித்து ஓடிபியை எடுத்துக்கொண்டு பாங்க் கணக்குக்குப் போய்விடுவான். டெஸ்ட் கொடுத்துவிட்டு ரிசல்ட்டுக்காகத் தவித்துக்கொண்டிருக்கிற நேரத்தில் அப்படி ஒன்று வந்தால் யாருக்குமே கை போகும், அதனால்தான் சொல்கிறேன். பணம் போனது தெரிந்த நிமிடமே 1930-ஐக் கூப்பிடுங்க. ஆபா சந்தேகங்களுக்கு 14477. ஓடிபி சொல்லுங்க என்று எந்த உதவி எண்ணும் உங்களைக் கூப்பிட்டுக் கேட்காது.

ஆபா தளத்துக்குப் போகும்போதும் முகவரி ஏபிடிஎம்.ஜிஓவி.இன் என்று முடிகிறதா பாருங்க. கூகுளில் முதலில் வருகிற விளம்பரத்தைத் தட்டாதீர்கள்.

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி)

திருப்பூர் அம்மணி எழுதியதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை. என் பெட்டி பைலை என் மருமகள் பார்க்கலாம், வேலைக்காரர் பார்க்கலாம், யாரும் திறக்கலாம், பூட்டு கிடையாது. இத்தனை வருடம் அது எனக்குத் தோன்றவே இல்லை, ஏனென்றால் என்னை யாரும் கேள்வி கேட்கிற இடத்தில் நான் இல்லை. பேத்திக்கு இப்போது மாப்பிள்ளை பார்க்கிறோம். அவள் சின்ன வயதில் வலிப்புக்கு மருந்து சாப்பிட்ட சீட்டும் அதே பெட்டியில்தான் இருக்கிறது. அவளுடையதை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டேன். யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்று அவள் முடிவு செய்யட்டும்.

ஆபா எனக்கு இன்னும் வேண்டாம்தான். ஆனால் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைக்க நினைக்கிறேன். எப்படி எடுப்பது நல்லது?

லேப்காரத் தம்பி (ஈரோடு)

ஐயா, முதலில் ஈசிஜியும் சுகர் மெஷினில் வருகிற சின்னச் சீட்டும் எடுங்க. அது சூட்டில் அச்சாகிற காகிதம், சில வருடத்தில் தானாக வெளுத்துவிடும். பத்திரப்படுத்துகிறேன் என்று லேமினேஷன் போடக் கொடுத்துவிடாதீர்கள், சூடு பட்டதும் முழுக்கக் கறுத்துவிடும். ஒரு அம்மா அப்படிக் கொண்டுவந்து காட்டினார், வெறும் கறுப்பு அட்டை, அவர் வீட்டுக்காரரின் முதல் மாரடைப்பு ஈசிஜி அது.

போட்டோவைக் கேலரியில் கல்யாணப் படங்களோடு விடாமல் தனி போல்டரில், "2019-03 கிரியாட்டினின்" என்கிற மாதிரி வருடம், மாதம், டெஸ்ட் பெயர் வைத்துச் சேமித்தால் தேதி வாரியாகத் தானே அடுக்கிக்கொள்ளும். அந்த போல்டருக்குப் பூட்டுப் போடுகிற வசதி இப்போது பல போன்களில் இருக்கிறது. சிடி ஸ்கேன், எம்ஆர்ஐ என்றால் ரிப்போர்ட் தாளோடு சிடியையும் கேட்டு வாங்குங்க, அடுத்த டாக்டர் படத்தைத்தான் பார்க்க விரும்புவார். இப்போதைய கம்ப்யூட்டர்களில் சிடி போடுகிற இடமே இல்லை, அதனால் பென் டிரைவுக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்க.

வாய்க்கால்மேடு (கோபி)

பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன்.

அக்கா கேட்டதற்கு அப்புறம் அன்று ராத்திரி களத்தில் உட்கார்ந்து அய்யனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டது ரெண்டே கேள்வி. "அந்த எண் வெச்சிருக்கறவனுக்கு என் வியாதி எல்லாம் தெரியுமா?" என்று ஒன்று. "உனக்கு எல்லாம் தெரியும்படி வெக்கோணுமா?" என்று இன்னொன்று. ரெண்டாவது கேள்வி எனக்கு உறைத்தது. கிட்னி, சுகர் சம்பந்தப்பட்டதை நான் பார்க்கலாம், மற்றதை அவரிடம் கேட்டுவிட்டுத்தான் என்று பேசி முடித்தோம். புதிய போன் பழகிக்கொள்கிறேன் என்று அவரே சொன்னார்.

ஆதார் மையத்தில் அவர் விரல் ரேகை விழவில்லைங்க. நாற்பது வருடம் மண்ணிலும் மஞ்சளிலும் கிடந்த கை, பத்து விரலும் வைத்துப் பார்த்தாயிற்று, மெஷின் சிவப்பாகவே காட்டியது. ஈரத்துணியில் துடைத்து, மறுபடியும் வைத்து, பின்னால் வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்த மையத்துப் பெண் பொறுமையாகக் கண் கருவிழி வைத்துப் பார்க்கலாம் என்று சொன்னது, ஒரே தடவையில் விழுந்தது. இந்த மாதிரி இருப்பவர்கள் கேட்டுப் பாருங்க.

எட்டாவது நாள் எண் மாறியது. ஆபாவுக்குள் ஆதார் ஓடிபி வழியாகப் போய் மொபைலை மாற்றினோம், ஓடிபியை அய்யனே தடவித் தடவித் தட்டினார். சிங்காநல்லூர் அண்ணன் சொன்னது சரி, உள்ளே ஒரு பதிவும் இல்லை. நெட் சென்டர்காரரையும் பார்த்தேன், நல்ல மனுஷன்தான், இப்படி நிறையப் பேருக்குத் தன் எண்ணைப் போட்டிருப்பதாக அவரே சொன்னார், இனி போடுவதில்லை என்றார். போட்டவர்களைக் கூப்பிட்டு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்க என்று கேட்டிருக்கிறேன்.

2021 ஆஸ்பத்திரியில் அக்கா சொன்னபடி மனு கொடுத்தேன். முதலில் ரிசப்ஷனில் "அவ்வளவு பழசு இருக்காது" என்றார்கள், ரெக்கார்ட்ஸ் பிரிவைக் கேட்டுப் போனதும் ரெண்டே நாளில் கொடுத்துவிட்டார்கள். பதினேழு பக்கம். கிரியாட்டினின் நாலு தடவை பார்த்திருக்கிறார்கள், 1.3, 1.4, 1.4, 1.3. நேற்று கோவை டாக்டரிடம் காட்டினோம். மெல்ல ஏறியதுதான் என்று தெரிகிறது, ஆனால் முட்டிவலிக்கு அய்யன் கடையில் வாங்கிப் போட்ட வலி மாத்திரையும் இதில் சேர்ந்திருக்கலாம் என்று உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் மறுபடி டெஸ்ட்.

தம்பி சொன்ன பிறகு மஞ்சப்பையில் ஈசிஜி தேடினேன். மூன்று இருக்கிறது. 2017-ல் எடுத்தது பாதிக்கு மேல் வெளுத்துவிட்டது, கோடு இருக்கிற மாதிரியும் இல்லாத மாதிரியும் தெரிகிறது. இதை எப்படிப் படம் எடுத்தால் கொஞ்சமாவது விழும்?

லேப்காரத் தம்பி (ஈரோடு)

ராத்திரி டியூப்லைட்டில் வேண்டாங்க அண்ணா. காலையில் எட்டு, ஒன்பது மணிக்குத் திண்ணையில் வெயில் நேராகப் படாத இடத்தில் வெள்ளைத் துணி மேல் நீட்டி வைத்து, பிளாஷ் அணைத்துவிட்டு, மூன்று நாலு துண்டாகக் கிட்டப்போய் எடுங்க. எடுத்ததும் அய்யன் பெயரும் தேதியும் படத்தில் விழுந்திருக்கிறதா என்று பாருங்க. படத்தை வெளியில் போட வேண்டாம், கறுப்பு-வெள்ளையாக மாற்றி வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்க, கோடு கொஞ்சம் எழுந்து வரும்.

வாய்க்கால்மேடு (கோபி)

சரிங்க தம்பி. நாளைக் காலையில் தண்ணீர் கட்டிவிட்டு வந்ததும் எடுத்துவிடுகிறோம். போனை அய்யன் பிடித்துக்கொள்கிறாராம், துணியை நான் இழுத்துப் பிடிக்க வேண்டுமாம்.